லோறென்ஸ்கூக் வீட்டுக் கூட்டக் குறிப்பு

மோர்டென்ஸ்ருட், ஒஸ்லோ
3 பெப்ரவரி 2025

அன்புள்ள பிள்ளை கஜேந்தினிக்கு,

இந்தக் கடிதத்தில் ஐந்து விடயங்கள் உள்ளன. முழுவதையும் வாசிக்க மனம் வராவிட்டால் இரண்டாவதை மட்டுமாவது வாசியும்.

1. நான் ஏன் எழுதுகிறேன்.
2. உமக்கு எதிராக என்ன அனுப்பப்பட்டிருக்கிறது.
3. அந்தத் தாளை நான் ஏன் அப்படி எழுதினேன்.
4. என்னால் செய்ய முடியாதது.
5. ஒரு வேண்டுகோள்.

முதலாவது. என் கையெழுத்து உமக்குப் பழக்கமில்லை என்பதால் சொல்கிறேன்: நான் ஸ்ரீஸ்கந்தராசா, உம்மைக் கட்டிய கீர்த்தனனின் பெரியப்பா. நீர் எங்கே இருக்கிறீர் என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. உமது உடுப்புகளைக் கேட்டு முன்பு வந்த கடிதத்தில் சட்டத்தரணி யூலியாவின் முகவரி இருந்தது. அதற்கு அனுப்புகிறேன். தொலைபேசியில் கதைக்கலாம்தான். ஆனால் என் தொலைபேசியை வாங்கித் தந்ததும், அதில் எல்லாவற்றையும் போட்டுத் தந்ததும் கீர்த்தனன். அவனால் அதில் எதைப் பார்க்க முடியும், எதைப் பார்க்க முடியாது என்று எனக்குத் தெரியாது. ஆகவே தாளில் எழுதுகிறேன்.

இரண்டாவது. சென்ற ஞாயிறு லோறென்ஸ்கூக்கில் உமது மாமனார், என் தம்பி ஜெகதீஸ்வரன் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். சாப்பாட்டின் நடுவே அவன், "அண்ணை, உங்கட எழுத்துத்தான் எங்களைக் காப்பாத்தப்போகுது" என்றான். விசாரித்தேன். 2023 மே மாதம் அவன் வீட்டில் நடந்த கூட்டத்துக்கு நான் எழுதிய குறிப்பை, நீங்கள் இருவரும் கையொப்பமிட்ட அதே தாளை, கீர்த்தனன் மொழிபெயர்ப்பித்துக் குடிவரவு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டான். அடி என்பது விசாவுக்காக நீர் கட்டிய கதை என்று கூடவே ஒரு கடிதமும் வைத்திருக்கிறான். அடியினால் பிரிந்தவர் என்றுதான் உமக்குத் தனி அனுமதி தந்தார்கள். அது பொய் என்று அவர்கள் எண்ணினால், நீர் இப்போது கேட்டிருக்கும் நிரந்தர வதிவிடம் கிடைக்காது. கையில் உள்ள அனுமதியும் போகலாம்.

மூன்றாவது. யாழ்ப்பாணக் கச்சேரி அலுவலகத்தில் பதினொரு வருடம் எழுதுவினைஞனாக இருந்தேன். குடும்பத்தில் கூட்டம் என்றால் குறிப்பெழுத என்னைக் கூப்பிடுவது அதனால்தான். "கணவன் மனைவிக்கிடையே ஏற்பட்ட மனத்தாங்கல்கள் பேசித் தீர்க்கப்பட்டன" என்று எழுதினேன். சேர்ந்து வாழப் போகிறவர்களைப் பற்றிக் கடுமையாக எழுதிவைக்கக் கூடாது என்று நினைத்தேன். அது சரியான நினைப்பா என்று இப்போது நிச்சயமில்லை.

நான்காவது. நான் சாட்சி சொல்ல முடியாது. கீர்த்தனன் அடித்ததை என் கண்ணால் காணவில்லை. காணாததைக் கண்டேன் என்று எழுத என்னால் இயலாது.

ஐந்தாவது. இக்கடிதம் என்னிடமிருந்து வந்தது என்று யாரிடமும் சொல்ல வேண்டாம்.

ஸ்ரீஸ்கந்தராசா


13 பெப்ரவரி 2025

மாமா,

அன்புள்ள என்று தொடங்க வரவில்லை, மன்னியுங்கள். ஊரின் பெயரையும் எழுதவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை.

உங்கள் கடிதம் வந்த இரண்டாம் நாள் குடிவரவு அலுவலகத்தின் கடிதமும் வந்தது. நீங்கள் சொன்னதுதான். என் அனுமதியைத் திரும்பப் பெற யோசிக்கிறார்களாம். மார்ச் மூன்றாம் திகதிக்குள் பதில் சொல்ல வேண்டும். நிரந்தர விசா விண்ணப்பம் அதுவரை அப்படியே கிடக்கும். மொழிப் பரீட்சை எழுதி முடித்துவிட்டேன். முதியோர் இல்லத்தில் முழுநேர வேலை. எல்லாம் சரியாக இருந்தது, உங்கள் அந்த ஒரு தாளைத் தவிர.

வேறு அத்தாட்சி இருக்கிறதா என்று யூலியா கேட்கிறா. ஒரு தரம் டொக்டரிடம் போனேன். பனியில் வழுக்கி விழுந்ததாக அங்கே பதிவாகியிருக்கிறது. எனக்காக மொழிபெயர்த்தவர் உங்கள் பெறாமகன் கீர்த்தனன்.

உங்கள் நாலாவது விடயத்தை மூன்று தரம் வாசித்தேன். கண்ணால் காணவில்லை. சரி. ஆனால் கூட்டத்தன்று அவர் தன் வாயால் சொன்னதை நான் குசினிக்குள் நின்று கேட்டேன். நடுவில் ஒரு சுவர் இருந்தும் எனக்குக் கேட்டது. நீங்கள் பக்கத்துக் கதிரையில் இருந்தீர்கள்.

தேத்தண்ணி கொண்டுவந்தபோது பார்த்தேன், உங்கள் மடியில் ஒரு கொப்பி இருந்தது. பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தீர்கள். நான் கையெழுத்து வைத்த தாள் பேனையால் எழுதியது. அந்தக் கொப்பி எங்கே, மாமா?

பொய் சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை. என்னைத் திருப்பி அனுப்பினால் சுன்னாகத்தில் அம்மாவும் தங்கையும் இருக்கிற வீட்டுக்குத்தான் போவேன். "எங்கை போனாலும் எங்கட ஆக்கள் இருக்கினம்" என்று மாமியார் எனக்குச் சொன்னவா. அதையும் எழுதி வைத்திருக்கிறீர்களோ தெரியாது.

கஜேந்தினி


மோர்டென்ஸ்ருட்
20 பெப்ரவரி 2025

அன்புள்ள பிள்ளைக்கு,

கொப்பி என்னிடம் இருக்கிறது.

முதற்கடிதத்தில் அதைச் சொல்லாமல் விட்டேன். மறந்துபோய் விடவில்லை. கச்சேரியில் எங்களுக்குப் பழக்கிய முறை இது: கூட்டத்தில் பேசப்படுவதைப் பேசியபடியே பென்சிலால் எழுதிக்கொள்ள வேண்டும், பிறகு வேண்டியதை மட்டும் எடுத்துப் பேனையால் நற்பிரதி. பென்சில் பிரதியை எறியக் கூடாது. நான் இன்றுவரை ஒன்றையும் எறிந்ததில்லை. அலுமாரியின் கீழ்த்தட்டில் பத்தொன்பது கொப்பிகள் இருக்கின்றன.

பதினேழாவதை எடுத்துப் பார்த்தேன். அதில் இருப்பதை அப்படியே தருகிறேன்.

"கீ: ரெண்டு தரம் அடிச்சனான்தான். கோவத்தில. மூண்டாந்தரம் தள்ளினது மட்டும். அவள் கதவில போய் அடிபட்டது என்ர பிழையில்லை.
ஜெ: அண்ணை, அதை எழுதாதேங்கோ. நாளைக்குப் பொடியன்ர வேலைக்குப் பிரச்சினை.
இது எழுதத் தேவையில்லை என்று ஜெ. கூறினார்."

கடைசி வரியும் என் கையெழுத்துத்தான். எழுத வேண்டாம் என்று சொன்னதையும் எழுதியிருக்கிறேன். என் மனைவி யோகராணிக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்தா. சிரித்து முடிந்ததும் எழும்பிப் போய் என் கோட்டை எடுத்துக்கொண்டு வந்து கதிரையில் போட்டா. இப்போதே சட்டத்தரணியிடம் போ என்பது அதன் பொருள்.

நான் போகவில்லை. காரணத்தைச் சொல்கிறேன், அது உமக்குக் காரணமாகத் தெரியாவிட்டாலும். மார்ச் இரண்டாம் திகதி, ஞாயிறு, எங்கள் அப்பாவின் திவசம். நோர்வேக்கு வந்த நாளிலிருந்து தம்பியும் நானும் சேர்ந்துதான் செய்கிறோம், அவன் வீட்டில். மூத்தவன் நான் தர்ப்பை போட்டு இருப்பேன். அவன் எனக்குப் பின்னால் இருப்பான். கொப்பியைக் கொடுத்தால் இனி அது நடக்காது. கீர்த்தனனைப் பொலிஸ் விசாரிக்கவும் கூடும். ஆகவே திவசம் முடிந்த மறுநாள் காலையிலேயே யூலியாவின் அலுவலகத்தில் நிற்பேன். மூன்றாம் திகதிதானே கடைசி நாள். கணக்குப் பார்த்தேன், நேரம் இருக்கிறது.

ஸ்ரீஸ்கந்தராசா


25 பெப்ரவரி 2025

மாமா,

கணக்குப் பார்த்திருக்கிறீர்கள். யூலியா அதை மொழிபெயர்ப்பிக்க வேண்டும், விளக்கம் எழுத வேண்டும், அனுப்ப வேண்டும். மொழிபெயர்ப்பவருக்கு மட்டும் இரண்டு நாள் தேவை. அந்தக் கணக்கில் இது இல்லை.

திவசம் முடியட்டும் என்று பொறுத்திருப்பதென்றால், அதோடு எனக்கும் ஒரு திவசம் செய்துவிடுங்கள்.

நேற்று வேலையில் ஒரு மூதாட்டிக்குச் சாப்பாடு தீத்திக்கொண்டிருந்தபோது, வரும்போது போட்ட கோட்டைக் கழற்றாமலே இருந்திருக்கிறேன். "உனக்குக் குளிருதா பிள்ளை?" என்று அவ நோர்வேஜிய மொழியில் கேட்டா. ஓம் என்றேன். எல்லாவற்றுக்கும் ஓம் என்று சொல்லி எனக்குப் பழகிவிட்டது.

இனி எழுத மாட்டேன். வருவதென்றால் வாருங்கள்.

கஜேந்தினி


மோர்டென்ஸ்ருட்
5 மார்ச் 2025

அன்புள்ள பிள்ளைக்கு,

நடந்தவற்றை ஒழுங்காக எழுதுகிறேன்.

உமது கடிதம் வியாழன் மத்தியானம் கிடைத்தது. நின்றபடியே வாசித்தேன். யோகராணி கேட்டா, நான் சொன்னேன். "நீங்கள் கமா போட்டு முடிக்கிறதுக்குள்ளை அந்தப் பிள்ளையைப் பிளேனிலை ஏத்திப்போடுவாங்கள்" என்றா. அன்றைக்கே நிலக்கீழ் இரயிலில் போனேன். கொப்பியை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தேன். இரண்டு நிலையங்கள் தாண்டியதும், வீட்டு அடுப்பை நிறுத்தினேனா என்று ஒரு சந்தேகம் வந்தது. இறங்கித் திரும்பிவிடலாமா என்று உண்மையாகவே யோசித்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் யோகராணி இருக்கிறா என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

யூலியா இளம்பெண். ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்தா. மொழிபெயர்ப்பாளரை அங்கிருந்தபடியே அழைத்து வெள்ளி மாலைக்குள் வேண்டும் என்றா. பிறகு என்னிடம் ஒன்று கேட்டா: இதை ஏன் நற்பிரதியில் சேர்க்கவில்லை? நான் நீண்ட ஒரு பதிலைத் தொடங்கினேன். அவ பேனையை வைத்துவிட்டுக் காத்திருந்தா. "பயத்தினால்" என்றேன். அதை எழுதிக்கொண்டா.

ஒன்பது விடயங்களாக ஒரு வாக்குமூலம் எழுதிக் கையொப்பமிட்டேன். உமக்குச் சாதகமானவற்றை மட்டும் எழுதினால் அதற்கு மதிப்பிராது என்பதால் ஒன்றையும் விடவில்லை. ஆறாவது விடயமாக, சேர்ந்து வாழச் சம்மதமா என்று நானே உம்மைக் கேட்டதையும், நீர் ஓம் என்றதையும், யாருடைய வற்புறுத்தலும் இன்றி உமது சுயவிருப்பத்தோடு கையொப்பமிட்டதையும் எழுதினேன். அது நிச்சயமா என்று யூலியா இரண்டு தரம் கேட்டா. நிச்சயம் என்றேன். நான் நிச்சயமாகச் சொல்லக்கூடியவை மிகச் சில, பிள்ளை. அது அவற்றில் ஒன்று.

ஞாயிறு திவசத்துக்குப் போனேன். சொல்லாமல் செய்து முடித்துவிட்டு வரலாம் என்று எண்ணியிருந்தேன். ஐயர் தர்ப்பையை நீட்டியபோது கையை நீட்ட முடியவில்லை. "தம்பி, கொப்பியைக் குடுத்திட்டன்" என்றேன்.

ஜெகதீஸ்வரன் கத்தவில்லை. "அப்பாவுக்குப் பிண்டம் வைக்கிற கையாலை என்ர பொடியனுக்குக் கிடங்கு வெட்டிப்போட்டு வந்திருக்கிறியள்" என்றான். கீர்த்தனன் உள்ளே போய் என் கோட்டையும் சப்பாத்தையும் எடுத்துக்கொண்டு வந்தான். கதவைத் திறந்து, இரண்டையும் வெளியே பனியில் வைத்தான். எறியவில்லை, மெதுவாக வைத்தான். பிறகு கதவைப் பிடித்தபடி, நான் சொக்ஸோடு பனியில் இறங்கிச் சப்பாத்துப் போடும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் கோபம் இருக்கவில்லை. அவனைச் சிறு வயதிலிருந்து தூக்கி வளர்த்தவன் நான். அந்த முகத்தை முன்பு கண்டதில்லை. நீர் கண்டிருப்பீர் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தேன்.

திவசத்தை வீட்டில் நானும் யோகராணியுமாக, ஐயர் இல்லாமல், தெரிந்தபடி செய்தோம்.

ஸ்ரீஸ்கந்தராசா


16 ஏப்ரல் 2025

மாமா,

எழுத மாட்டேன் என்று சொன்னேன். எழுத வைத்துவிட்டீர்கள்.

நீங்கள் பனியில் நின்றதை வாசித்தேன். நன்றி சொல்ல வேண்டும், தெரியும். கொப்பி இல்லாவிட்டால் இன்றைக்கு எனக்கு ஒன்றுமே இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அலுவலகத்திலிருந்து மறுபடியும் கடிதம். அடித்ததாக அவரே சொன்னதை ஏற்றுக்கொள்கிறார்களாம். ஆனால் சாட்சியின் ஆறாவது விடயத்தின்படி விண்ணப்பதாரி சுயவிருப்பத்தோடு சேர்ந்து வாழச் சம்மதித்து, மேலும் ஐந்து மாதம் அவருடன் இருந்திருக்கிறார். அப்படியென்றால் நிலைமை எவ்வளவு மோசமாக இருந்தது என்று நேரில் விளக்கட்டுமாம். ஏப்ரல் 29, காலை ஒன்பது மணி.

என் ஞாபகத்தில் இருப்பதைச் சொல்கிறேன். உங்கள் கொப்பியில் இது இராது.

மேசையைச் சுற்றி ஆறு ஆம்பிளைகள். என்னைக் குசினியிலிருந்து கூப்பிட்டார்கள். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தேன். தாள் எழுதி முடிந்திருந்தது. என் பெயருக்கு மேலே கோடு போட்டிருந்தது. நீங்கள் சொன்னீர்கள்: "பிள்ளை, உமக்குச் சம்மதந்தானே?" கேட்டுக்கொண்டே பேனையின் மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினீர்கள்.

அத்தனை பேரிலும் எழுதிக்கொண்டிருந்தவர் நீங்கள் ஒருவர்தான். எல்லாவற்றையும் கேட்டு எழுதுகிற மனுசன், இவராவது ஏதாவது சொல்லுவார் என்று உள்ளே நின்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பேனையை நீட்டியதும் இனி ஒருவரும் இல்லை என்று விளங்கியது. ஓம் மாமா என்றேன்.

இல்லை என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு யாருடைய காரில் ஏறியிருப்பேன்? என்னைக் கூட்டிக்கொண்டு வந்தது அவர். அந்த வீட்டை விட்டால் எனக்குத் தெரிந்த வீடு இந்த நாட்டில் இல்லை. அடிபட்ட பெண்களுக்குக் காப்பகம் என்று ஒன்று இருப்பதே ஐந்து மாதம் கழித்து, மொழி வகுப்பில் ஒரு சோமாலியப் பெண் சொல்லித்தான் தெரியும். தெரிந்த கிழமையே போய்விட்டேன்.

இதைச் சுயவிருப்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். திருத்துவீர்களா?

கஜேந்தினி


ஸ்தவாங்கர்
12 யூன் 2025

மாமா,

நீங்கள் பதில் எழுதவில்லை. 29ஆம் திகதி வரையும் பார்த்தேன். பிறகு நானே போய்ச் சொன்னேன்.

மூன்று மணித்தியாலம். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்றேன். தெரிந்த நோர்வேஜிய மொழியில், பிழைகளோடு, பேனையின் மூடியைப் பற்றியும் சொன்னேன். விசாரித்தவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு, "அதைத் திரும்பச் சொல்லுங்கள்" என்றார். திரும்பச் சொன்னேன்.

நேற்று முடிவு வந்தது. நிரந்தர விசா கிடைத்துவிட்டது. முதலில் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா தங்கையையும் கூப்பிட்டு, இன்னொரு தரம் சொல்லச் சொன்னா.

கொப்பிக்காக உங்களுக்கும் அறிவிக்க வேண்டும் என்று நினைத்து எழுதுகிறேன். ஆனால் உங்கள் பெயரில் அந்த ஆறாவது விடயம் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. இனி அதனால் எனக்கு ஒன்றும் ஆகாது என்று யூலியா சொல்கிறா. ஆகாதுதான்.

மாமியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கஜேந்தினி


மோர்டென்ஸ்ருட்
19 யூன் 2025

அன்புள்ள கஜேந்தினிக்கு,

உமக்குக் கிடைத்தது என்று வாசித்ததும் யோகராணி தாளைப் பறித்துத் தானும் வாசித்தா. பிறகு குசினிக்குள் போய் நெடுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றா. அழுவது எனக்குக் கேட்கக் கூடாதென்று அப்படிச் செய்வா.

நீர் எழுதிய ஊர்ப்பெயரை மனதில் மட்டும் வைத்திருக்கிறேன். தபால் முத்திரை இருந்த உறையைக் கிழித்துவிட்டேன்.

ஏப்ரலில் ஏன் பதில் எழுதவில்லை என்று நீர் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும். எழுதினேன், ஏழு தரம். ஒவ்வொன்றும் என்னை நியாயப்படுத்துவதில் தொடங்கியது. நான் கேட்டது கேள்விதான், நீர் சொன்னது பதில்தான், நடந்ததை நடந்தபடி பதிந்தேன் என்று. ஏழாவதை முடித்தபோது மே மாதம் பிறந்துவிட்டது. நீர் தனியாகப் போய்ச் சொல்லிவிட்டீர். என் திருத்தம் கையில் இருந்திருந்தால் அந்த மூன்று மணித்தியாலம் ஒரு மணித்தியாலமாகியிருக்குமோ என்னவோ.

இன்று காலை யூலியாவிடம் போய், திருத்திய வாக்குமூலம் ஒன்றைக் கொடுத்தேன். முடிவு வந்த பிறகு இது தேவையில்லை, அலுவலகத்தில் ஒருவரும் வாசிக்க மாட்டார்கள் என்று சொன்னா. கோப்பில் சேர்த்தால் போதும் என்றேன். பொலிஸ் கீர்த்தனனைப் பற்றி என்னிடம் கேட்டால் அங்கும் இந்தத் தாளையே கொடுப்பேன். அதில் உள்ளதை உமக்குத் தமிழில் தருகிறேன்.

"பெப்ரவரி மாதம் நான் கொடுத்த வாக்குமூலத்தின் ஆறாவது விடயத்தில், கஜேந்தினி யாருடைய வற்புறுத்தலும் இன்றிச் சுயவிருப்பத்தோடு கையொப்பமிட்டார் என்று எழுதியிருந்தேன். கையொப்பத்துக்கான கோட்டை, அவரைக் கேட்பதற்கு முன்பே நான் போட்டுவிட்டேன். கேட்கும்போதே பேனையைத் திறந்து நீட்டினேன். மறுத்தால் அவர் எங்கே போவார் என்று மேசையைச் சுற்றி இருந்த ஆறு பேரில் ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஆறு பேரில் நானும் ஒருவன். மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் வீட்டில் ஓர் அறை அன்று வெறுமையாக இருந்தது. கட்டிலும் போட்டிருந்தது. அது எனக்கு அப்போதே நினைவில் இருந்தது. பென்சில் பிரதியில்கூட எழுதவில்லை. ஆறாவது விடயம் பிழை."

ஸ்ரீஸ்கந்தராசா